மன்னிப்பும் கேட்டுட்டு "மறுபடியும் அதே முடிவுதான்"னும் சொல்ற முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேரை எப்படி புரிஞ்சுக்கறது?

கேள்வி கேட்டவர்: செந்தில்_வாசிப்பு

கொஞ்ச நாளா 2003 ஈராக் போர் பத்தி படிச்சிட்டு இருக்கேன், ஈராக் அதிபர் சதாம் உசேன் கிட்ட பேரழிவு ஆயுதம் இருக்குன்னு சொல்லி அமெரிக்காவோட சேர்ந்து பிளேர் பிரிட்டிஷ் படையை அனுப்பின போர். பிரிட்டன் அதுல இறங்கினதை விசாரிச்ச சில்காட் அறிக்கை வெளியான அன்னிக்கு, அதாவது 2016 ஜூலை 6, பிளேர் குடுத்த பிரஸ் மீட்டை முழுசா உக்காந்து பார்த்தேன், ரெண்டு மணி நேரம் கிட்ட போகுது. குரல் உடைஞ்சு போயி பேசறார், நீங்க நினைக்கறதை விட அதிகமா வருத்தமும் மன்னிப்பும் எனக்குள்ள இருக்குன்னு சொல்றார், அடுத்த மூச்சுலயே அதே தகவல் அதே சூழ்நிலை திரும்ப வந்தா அதே முடிவைத்தான் எடுப்பேன், சதாம் இல்லாத உலகம்தான் நல்லதுன்னும் சொல்றார். ரெண்டும் எப்படி ஒண்ணா நிக்கும்? அப்ப எதுக்குத்தான் அந்த மன்னிப்பு? செத்துப்போன 179 பிரிட்டிஷ் வீரர்களோட வீட்டுக்காரங்க இதைக் கேட்டா என்ன நினைப்பாங்கன்னு யோசிச்சா மனசு கஷ்டமா இருக்கு. ஆனா பிளேர் பொய் சொன்னாருன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டு போகவும் மனசு வரல, ஏன்னா ஆள் நடிக்கற மாதிரி எனக்குத் தெரியல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில் 1: தேம்ஸ்கரை

2003-ல நான் லண்டன்ல படிச்சிட்டு இருந்தேன், போர் வேண்டாம்னு நடந்த பிப்ரவரி 15 ஊர்வலத்துல நானும் நடந்தேன். நல்ல குளிர். ஹைட் பார்க் வரைக்கும் தலையா தெரியுது, போலீஸ் கணக்கே ஏழரை லட்சம், நடத்தினவங்க இருபது லட்சம் வரைக்கும் சொன்னாங்க. என் பக்கத்துல வந்த பாட்டி வாழ்க்கைல முதல் தடவையா ஊர்வலத்துக்கு வந்திருக்கேன்னு சொன்னாங்க, கட்சிக்காரங்களை விட இந்த மாதிரி ஆளுங்கதான் ஜாஸ்தி.

அதே நாள் பிளேர் கிளாஸ்கோல தன்னோட லேபர் கட்சிக் கூட்டத்துல பேசறார். ஊர்வலத்துல அஞ்சு லட்சம் பேர் இருந்தாலும் அது சதாமால செத்தவங்களை விட கம்மிதான், பத்து லட்சம்னாலும் அவர் ஆரம்பிச்ச போர்கள்ல செத்தவங்களை விட கம்மிதான்னு சொன்னார். மக்கள் வெறுப்பை நான் தேடிப் போகல, ஆனா சில நேரம் தலைமைக்கு அதுதான் விலைன்னும் சொன்னார். அன்னிக்கு சாயங்காலம் அதைக் கேட்டப்ப வந்த கோபம் இன்னும் போகல. நாங்க கேட்டது சதாம் நல்லவரான்னு இல்லையே? ஐ.நா. ஆயுத ஆய்வாளர் ஹான்ஸ் பிளிக்ஸோட ஆளுங்க ஈராக்ல ஆயுதம் தேடிட்டு இருக்காங்க, அவங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் குடுங்கன்னு கேட்டோம். அதுக்கு வந்த பதில், போர் வேண்டாம்னா சதாம் பண்ற கொலைகள் உங்க தலைலன்னு.

பதில் 2: நடுநிலை_நாகராஜ்

மேல சொன்னவரோட கோபம் புரியுது, ஆனா பிளேர் பக்கம் இருக்கறதையும் பேசணும். 1999-ல கொசோவோ போர்லயும் பிளேர் இறங்கினார், அப்பவும் ஐ.நா. அனுமதி இல்ல, அப்பவும் தப்புன்னு எவ்ளோ பேர் சொன்னாங்க, ஆனா அங்க செர்பியத் தலைவர் மிலோசெவிச்சோட படை பின்வாங்குச்சு, கொசோவோல பிறந்த பசங்களுக்கு பிளேர் பேரையே வெச்சாங்க. 2000-ல சியரா லியோன், அங்கயும் பிரிட்டிஷ் படை போய் நிலைமையை மாத்துச்சு. ரெண்டு தடவை எல்லாரையும் எதிர்த்து நின்னு ரெண்டு தடவையும் சரியா வந்த மனுஷன் மூணாவது தடவை எதிர்ப்பைப் பார்த்து பயப்படுவாரா? சதாம் 1988-ல ஹலப்ஜாவுல குர்து மக்கள் மேல விஷவாயு போட்டவர், அது யாரும் கட்டிவிட்ட கதை இல்ல. 2002 நவம்பர்ல ஆயுதத்தைக் கைவிட ஈராக்குக்குக் கடைசி வாய்ப்பு குடுத்த ஐ.நா.வோட 1441 தீர்மானம் 15-க்கு 15 ஓட்டுல நிறைவேறுச்சு, சிரியா உட்பட.

இன்னொண்ணு, பிரிட்டன்ல போருக்குப் போக பார்லிமென்ட் ஓட்டு சட்டப்படி தேவையே இல்ல, அப்படி இருந்தும் மார்ச் 18 அன்னிக்கு சபைல ஓட்டுக்கு விட்டார், தோத்தா ராஜினாமா பண்ற நிலைமைல. 412-க்கு 149-ல ஜெயிச்சார். மறைஞ்சு மறைஞ்சு போர் பண்ண ஆள் இல்ல அவர். சில்காட் அறிக்கையும் அவர் வேணும்னே பொய் சொன்னார்னு எங்கயும் சொல்லல.

பதில் 3: கோப்புப்புழு

செந்தில், உங்க கேள்விக்கு விடை நாகராஜ் சொன்ன கடைசி வரிலயே இருக்கு. பிளேர் நம்பினாரா இல்லையாங்கறது ஒரு கேள்வி, அவர் சொன்னது நிஜமாங்கறது வேற கேள்வி. 2003-க்கு அப்புறம் அவர் பண்ண வாதம் பூரா ரெண்டாவது கேள்வியை முதல் கேள்வியா மாத்தற வேலைதான்.

வரிசையா பாருங்க. 2002 செப்டம்பர்ல ஈராக் ஆயுதங்கள் பத்தி பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட ஆவணத்தோட முன்னுரைல, சதாம் ரசாயன, உயிரியல் ஆயுதம் தொடர்ந்து தயாரிக்கறார்ங்கறது சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபணம் ஆயிடுச்சுன்னு பிளேர் பேர்ல இருக்கு. அதே வருஷம் மார்ச்ல பிரிட்டிஷ் அரசோட உளவுக் கமிட்டி, நம்மகிட்ட இருக்கற தகவல் அங்கொண்ணும் இங்கொண்ணுமா இருக்குன்னு சொல்லியிருந்துச்சு. 45 நிமிஷத்துல ஆயுதம் தயார்னு பேப்பர்காரங்க கொட்டை எழுத்துல போட்டது போர்க்களத்துல பக்கத்துல சுடற ஆயுதம் பத்தினது, அதை ஆவணத்துல தெளிவா சொல்லல. போருக்கு அப்புறம் தேடினப்ப ஆயுதக் கிடங்கு எதுவும் கிடைக்கல. உடனே 2004 கட்சி மாநாட்டுல வாதம் மாறுது, தகவல் தப்பா போனதுக்கு மன்னிப்பு கேக்கறேன், சதாமை நீக்கினதுக்கு மனசார கேக்க முடியாதுன்னு. 2010 ஜனவரில சில்காட் விசாரணைல, இது பொய்யும் இல்ல சதியும் இல்ல ஒரு முடிவுன்னார், கடைசில பொறுப்பு உண்டு ஆனா சதாமை அகற்றினதுல வருத்தம் இல்லன்னார், பின்னாடி உக்காந்திருந்த குடும்பங்கள் கத்தினாங்க. 2016-ல நீங்க பார்த்தது அதே வாதத்தோட கடைசி வடிவம். வலிக்குது, ஆனா நான் நல்ல எண்ணத்துல பண்ணேன்ங்கறார், அதனாலதான் மன்னிப்பும் "மறுபடியும் செய்வேன்"னும் அவருக்கு முரணா தெரியல. மன்னிப்பு விளைவுக்கு, முடிவுக்கு இல்ல.

அந்த விசாரணைக்குத் தலைமை தாங்கின ஜான் சில்காட் 2017-ல பிபிசி பேட்டில இதை ரொம்ப கச்சிதமா சொன்னார், பிளேர் உணர்வளவுல உண்மையாத்தான் இருந்தார், ஆனா நாட்டுக்கிட்ட நேரா நடந்துக்கலன்னு. எனக்கு இதை விட சரியான தீர்ப்பு எங்கயும் கிடைக்கல.

ஆனா எனக்கு உண்மையிலயே ஆத்திரம் வர்ற இடம் ஆயுத விஷயம் கூட இல்ல. போருக்கு அப்புறம் நடந்த கலவரம், ஈரான் தலையீடு, அல்கொய்தா உள்ள வந்தது, இதெல்லாம் முன்கூட்டியே தெரிஞ்சிருக்க முடியாதுன்னு பிளேர் சொல்லிட்டே இருந்தார். சில்காட் நேராவே மறுத்தார், இதுக்கு பின்னாடி வந்த அறிவு தேவையே இல்ல, படை இறங்கறதுக்கு முன்னாடியே இந்த ஆபத்துகள் எழுத்துல இருந்துச்சுன்னு. படையெடுத்தா அல்கொய்தா மிரட்டல் கூடும்னு உளவுக் கமிட்டி 2003 பிப்ரவரிலயே எழுதிக் குடுத்திருக்கு. 2009 ஜூலைக்குள்ள குறைஞ்சது ஒன்றரை லட்சம் ஈராக்கியர் செத்திருக்காங்க, பெரும்பாலும் சாதாரண ஜனங்க. படிச்சிட்டு ஒதுக்கி வெச்ச எச்சரிக்கையை எதிர்பாராத விபத்துன்னு சொன்னா எப்படி ஏத்துக்கறது.

கொசோவோ ஜெயிச்சதால ஈராக்ல துணிஞ்சார்ங்கறது அவர் மனசை விளக்கும், நியாயப்படுத்தாது. 2002 ஜூலை 28-லயே அமெரிக்க அதிபர் புஷ்ஷுக்கு "எது வந்தாலும் உங்க கூட இருப்பேன்"னு எழுதிட்டார், அதுக்குக் கீழயே ஐ.நா. வழியா போகணும் அது இதுன்னு நிபந்தனையும் எழுதினார்ங்கறது உண்மை, ஆனா முதல் வரியைப் படிச்ச புஷ்ஷுக்கு நிபந்தனையை மதிக்க என்ன அவசியம்?

பதில் 4: அருள்மொழி_எம்

சபை ஓட்டு பத்தி ஒண்ணு. அந்த 412 பேரும் பார்த்தது அந்த ஆவணத்தைத்தான். அரசோட தலைமை சட்ட ஆலோசகரான அட்டர்னி ஜெனரல் மார்ச் 7-ல நிறைய தயக்கத்தோட எழுதின நீளமான சட்டக் கருத்தை அவங்க கண்ணுல காட்டல, 17-ஆம் தேதி சட்டப்படி சரின்னு ஒரு சின்ன பதில்தான் சபைக்கு வந்துச்சு. அப்புறம் 2005 தேர்தல்ல செட்ஜ்ஃபீல்டு தொகுதில பிளேரை எதிர்த்து ஈராக்ல மகனைப் பறிகொடுத்த ஒரு அப்பா நின்னார், 4,252 ஓட்டு வாங்கினார். ரிசல்ட் மேடைல அவர் பேசறப்ப பின்னாடி பிளேர் அசையாம நிக்கற வீடியோ இருக்கு, என்னிக்காவது ஒருநாள் பிரதமர், பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் கிட்ட மன்னிப்பு கேப்பார்னு நம்பறேன்ங்கற மாதிரி அந்த அப்பா பேசுவார். பிளேர் தேர்தல்ல ஜெயிச்சுட்டார்தான், ஆனா பெரும்பான்மை 66-க்கு இறங்குச்சு.

செந்தில்_வாசிப்பு

எல்லாருக்கும் நன்றி. கோப்புப்புழு, ஒரே ஒரு சந்தேகம். அன்னிக்கு இருந்த தகவலை வெச்சுப் பார்த்தா யாரா இருந்தாலும் இப்படித்தான் முடிவெடுத்திருப்பாங்கன்னு பிளேர் சொல்றாரே, அதுல கொஞ்சமாவது நியாயம் இருக்கா?

கோப்புப்புழு

இல்ல. ராபின் குக்கைப் பாருங்க. 1997-ல இருந்து 2001 வரைக்கும் பிளேரோட வெளியுறவு அமைச்சர், 2003-லயும் அமைச்சரவைலதான் இருந்தார், உளவுத்துறை அவருக்கும் விளக்கம் குடுத்துச்சு. மார்ச் 17 அன்னிக்கு ராஜினாமா பண்ணிட்டு சபைல எழுந்து, பொதுவா நாம புரிஞ்சுக்கற அர்த்தத்துல ஈராக் கிட்ட பேரழிவு ஆயுதம் அனேகமா இல்லன்னு சொன்னார். பேசி முடிச்சதும் உறுப்பினர்கள் எழுந்து நின்னு கை தட்டினாங்க, அந்த சபைல கை தட்டற வழக்கமே கிடையாது. படை இறங்க மூணு நாள்தான் பாக்கி. பேச்சு பார்லிமென்ட் பதிவுல முழுசா இருக்கு, படிங்க. சில்காட் அறிக்கை 26 லட்சம் வார்த்தை, அதைத் தொட வேண்டாம், சுருக்கம் மட்டும் நூத்தம்பது பக்கம் கிட்ட வரும், அது போதும்.