இனிஷியலைஸ் கேட்டா ஓகே அமுக்காதீங்க: வேற சிஸ்டத்து டிஸ்க்கை மாத்திப் போட்ட அனுபவங்கள்

அம்பத்தூர் அட்மின்:
சர்வர்ல இருந்து கழட்டின 4 டிபி டிஸ்க். பார்ட்டிஷன் போடாம முழு டிஸ்க்கும் எல்விஎம் (லினக்ஸ்ல டிஸ்க் இடத்தைப் பிரிச்சு நிர்வகிக்கிற முறை). விண்டோஸ்ல சொருகி டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்ததும் இனிஷியலைஸ் (டிஸ்க்குல புது பார்ட்டிஷன் டேபிள் எழுதுறது) பெட்டி வந்து நிக்குது, எம்பிஆர், ஜிபிடின்னு ரெண்டு டேபிள் வகையில ஜிபிடி முன்னாடியே தேர்வாகி இருக்கு. பக்கத்துல இருந்தவர் ஓகே தட்டிட்டார். இது எல்விஎம் டிஸ்க்னு காட்டுற லேபிள் வழக்கமா இருக்கிறது செக்டர் 1 (செக்டர்ங்கிறது டிஸ்க்கோட சின்னத் துண்டு, எண் 0-ல ஆரம்பிக்கும்). ஜிபிடி ஹெடர் வந்து உட்கார்றதும் அதே செக்டர் 1. அதுக்கப்புறம் எல்விஎம் டிஸ்க்கைத் தேடுற பிவிஸ்கேன் ஓட்டினா வெறும் திரை. பழைய சர்வர்ல எல்விஎம் பேக்கப் ஃபைல் இருந்துச்சு. லேபிளை எழுதுற பிவிகிரியேட்டுக்குப் பழைய யூயூஐடியும் (டிஸ்க்கோட அடையாள எண்) அந்த ஃபைலும் கொடுத்து, எல்விஎம் அமைப்பைத் திரும்ப எழுதுற விஜிசிஎஃப்ஜிரெஸ்டோர் ஓட்டினதும் எல்லாம் திரும்பி வந்துச்சு. எம்பிஆர் தேர்ந்தெடுத்திருந்தா இவ்வளவு அலைச்சல் இல்லை.

கிண்டி லினக்ஸ்:
அண்ணே, கடைசி வரியை அப்படியே விட முடியாது. எல்விஎம்முக்குச் சரி. முழு டிஸ்க்கும் லக்ஸ்னா (லினக்ஸ்ல டிஸ்க்கைப் பூட்டுற என்கிரிப்ஷன்) எம்பிஆரும் ஆபத்துதான், அது எழுதுற செக்டர் 0-லதான் லக்ஸ் ஹெடர் (திறக்கத் தேவையான விவரம் இருக்கிற முன்பகுதி) ஆரம்பிக்குது. லக்ஸ் 1-ல ஹெடர் ஒண்ணே ஒண்ணு, பேக்கப் இல்லைன்னா பாஸ்வேர்டு தெரிஞ்சும் பிரயோஜனமில்லை. லக்ஸ் 2-ல ரெண்டாவது ஹெடர் பொதுவா 16,384-வது பைட்ல இருக்கும். எம்பிஆர் மட்டும் எழுதியிருந்தா லக்ஸ் டூலான கிரிப்ட்செட்டப்போட ரிப்பேர் கட்டளை அதை வச்சு சரி பண்ணிடும். ஜிபிடி முன்பக்கம் 34 செக்டர், அதாவது 17,408 பைட் எடுத்துக்கும். ரெண்டு ஹெடர்லயும் கை வச்சிடும்.

வேளச்சேரி வாசி:
இங்க லேபிள் அழியவே இல்லை, ஆனாலும் டிஸ்க் காலி மாதிரி தெரிஞ்சுது. ரிச்சி தெருவுல வாங்கின, ஹார்ட் டிஸ்க் போடுற யூஎஸ்பி பெட்டி, உள்ளே 3 டிபி, எம்பிஆர். சில பெட்டிகள் டிஸ்க்கை 4096 பைட் செக்டரா மாத்திக் காட்டும். பார்ட்டிஷன் 256-வது செக்டர்ல ஆரம்பம்னு டேபிள் சொல்லுது, பெட்டிக்குள்ள இருக்கிறவரை அது 1 எம்பி. கழட்டி நேரா மதர்போர்டு சாட்டாவுல போட்டா செக்டர் 512 பைட், அதே 256 இப்போ 128 கேபி. அங்க ஒண்ணும் இல்லை. உடனே ஃபார்மேட் பண்ணவான்னு கேட்குது.

யாரும் கேட்கலைன்னாலும் சொல்லிடறேன். புது டிஸ்க்கை விண்டோஸ்ல போடுறதுக்கு முன்னாடியே டிஸ்க்பார்ட் கட்டளையில ஸான் பாலிசியை (புதுசா வர்ற டிஸ்க்கை என்ன பண்றதுங்கிற அமைப்பு) ஆஃப்லைன்ஆல் ஆக்கிடுங்க. மேக்ல படிக்க முடியலைன்னு செய்திப் பெட்டி வந்தா எஜெக்ட் மட்டும். லினக்ஸ் லைவ் யூஎஸ்பின்னா ஆட்டோமவுன்ட்டை நிறுத்திட்டு, முதல் வேலையா பிளாக்டெவ் கட்டளை வழியா டிஸ்க்கை ரீட் ஒன்லி ஆக்குங்க. அப்புறம் வைப்எஃப்எஸ் கட்டளை, எந்த ஆப்ஷனும் இல்லாம. அப்படி ஓட்டினா என்னென்ன முத்திரை இருக்குன்னு காட்டறதோட சரி. மைனஸ் ஏ சேர்த்தா அத்தனையும் அழிஞ்சிடும், அந்த ஒரு எழுத்துல ரொம்ப கவனம். அடுத்து டிடி (டிஸ்க்கை அப்படியே நகல் எடுக்கிற கட்டளை) போட்டு முதல் 16 எம்பியும் கடைசி 16 எம்பியும் வேற டிஸ்க்ல நகல். ஜிபிடியோட ரெண்டாவது பிரதி கடைசியிலதான் இருக்கு. லக்ஸ் 2 ஹெடர் வழக்கமா 16 எம்பி, அதனால கீ ஸ்லாட்டும் (பாஸ்வேர்டால பூட்டின சாவி இருக்கிற இடம்) அந்த நகல்ல வந்துடும். கண்ட பென் டிரைவ்ல போட்டு வைக்காதீங்க.

அம்பத்தூர் அட்மின்:
கிண்டி சொன்னது சரி, எம்பிஆர் வரியை வாபஸ் வாங்கிக்கறேன். வேளச்சேரி, அதே பெட்டி கையில இல்லைன்னா லினக்ஸ்ல லோசெட்டப் கட்டளையில செக்டர் அளவை 4096-னு கொடுத்து ரீட் ஒன்லியா திறங்க, பார்ட்டிஷன் சரியான இடத்துல தெரியும்.