ரேடியோ ரூம் முதல் கபடித் தளம் வரை: எங்கள் ஊர் மன்றத்தில் பழகியவர்களின் அனுபவங்கள்

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், பாளையங்கோட்டை

கடையத்துக்கும் முக்கூடலுக்கும் இடையே இருக்கும் எங்கள் ஊரில் இளைஞர் நற்பணி மன்றம் என்று பலகை தொங்கும் கட்டடத்தை, என் வயதுக்காரர்கள் இன்றும் ரேடியோ ரூம் என்றுதான் சொல்கிறோம். பஞ்சாயத்துகள் ஊர்ப் பொதுவில் வானொலிப் பெட்டி வைத்துப் பராமரித்த காலத்தில் கட்டப்பட்ட ஒற்றை அறை அது. 1963இல் திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கப்பட்ட பிறகு ஒலி தெளிவாகக் கிடைத்ததால், பொழுது சாய்ந்ததும் வயலிலிருந்து திரும்பிய ஆண்கள் அனைவரும் சுற்றியிருந்த சிமெண்டுத் திண்ணைகளில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று என் தகப்பனார் சொல்வார். பெண்களுக்கோ கூரையின் மேலிருந்த குழாய் ஒலிபெருக்கி வழியாகத் தெருவுக்கு வந்த சத்தம் மட்டுமே. வரக்கூடாது என்று யாரும் தடுத்ததில்லை, வாருங்கள் என்று அழைத்ததும் இல்லை.

வீட்டுக்கு வீடு டிரான்சிஸ்டர் வந்தபின் அந்த அறைக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதன் முன்னிருந்த வெற்றிடத்தில் நாங்கள் பூப்பந்துத் தளம் அமைத்தோம். பக்கத்துக்கு ஐந்து பேர், மஞ்சள் கம்பளிப் பந்து, மன்றத்துக்குச் சொந்தமான சில மட்டைகள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று, முப்பது கிராம்கூட இல்லாத அந்தப் பந்தை அடிக்கிற திசையில் போகவிடாது. சாரல் ஈரத்தில் மட்டையின் நரம்பும் தொய்ந்துவிடும். அதனால் அந்த மாதங்களில் மட்டைகளை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு, சடுகுடுவுக்கு இறங்கிவிடுவோம். சடுகுடு ஆடுகிறவனை உருப்படாதவன் என்று பேசிய ஊர்தான் எங்கள் ஊரும். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தியைச் சேர்ந்த கணேசன், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் பெற்ற பிறகுதான் அந்தப் பேச்சு குறைந்தது. அவ்வூர் எங்களுக்குப் பக்கமில்லை. ஆனாலும் பொருநை என்கிற தாமிரபரணிக் கரைப் பிள்ளை என்ற உரிமையை நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

மன்றத்தின் முன்னாள் கபடி வீராங்கனை, தென்காசி

ஐயா சொன்ன திண்ணைகளில் பெண்கள் முதன்முதலில் வந்து உட்கார்ந்தது எப்படி என்பதை நான் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் ஏறத்தாழ எல்லா வீட்டிலும் பீடி சுற்றுவார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி; மாலையில் கடையில் கணக்குக் கொடுத்துவிட்டு, மறுநாளுக்கான இலையும் தூளும் வாங்கி வர வேண்டும். சுற்றிய பீடியின் வாயை மடக்கிக் கட்டுப் போடுவது பள்ளிவிட்டு வரும் பெண்பிள்ளைகளின் வேலை. மன்றத்தில் பெண்களுக்குக் கபடிப் பயிற்சி தொடங்கியபோது, பள்ளி முடிந்த கையோடு நாலரை மணிக்கு என்று அறிவித்தார்கள். தொடங்கிய நாளில் கூட்டம் இருந்தது. நாளாக ஆக ஆள் குறைந்து, வீட்டில் பீடி வேலை இல்லாத இரண்டு மூன்று பேர் மட்டும் மிஞ்சினார்கள். பெண்பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று மன்றத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். அந்த முடிவை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும்.

எங்கள் சித்திதான் மன்றத் தலைவரிடம் நேரில் போய், "அண்ணாச்சி, கடைக்குப் போய்ட்டு வந்த பொறவு ஆறரைக்கு வைங்க. பிள்ளைகள நாங்களே கொண்டாந்து விட்டுருதோம்" என்று கேட்டார். ஆறரைக்கு என்றால் விளக்கு வேண்டும். பஞ்சாயத்தில் சொல்லி ஒரு கம்பத்தில் விளக்குப் போடப்பட்டது. "ஏட்டி, இருட்டுக்குள்ள அங்க என்ன சோலி?" என்று கேட்ட ஆச்சிமார்களுக்குப் பதில் சொல்வதுபோல, அம்மாக்களும் சித்திகளும் மதினிகளும் கூடவே வந்து, நாங்கள் ஆடி முடிக்கும்வரை திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பயிற்சி நடந்ததோ இல்லையோ, அவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் வாடிக்கையாகிவிட்டது.

தளத்தின் அளவு குறித்துப் பையன்களோடு தகராறு வந்தது. ஆண்களுக்கு 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும். எங்களுக்கு 12க்கு 8. ஒரே செம்மண்ணில் இரண்டு அளவுக்கும் கோடு போட்டால் பாடிப் போகிறவருக்கு எது எல்லை என்று குழம்பும். கடைசியில், எங்கள் கோட்டைக் கோலமாவில் போட்டுக்கொண்டு, ஆடி முடித்ததும் கூட்டி அள்ளுவது என்று ஒப்புக்கொண்டோம். மண்ணில் பழகிய கால்கள் முதல்முறை போட்டியின் விரிப்பில் இறங்கியபோது நிலைகொள்ளவில்லை. காலணி அணிந்து ஆடிய பழக்கமும் இல்லாததால், அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்ற விதத்தை இங்கே விவரிக்க விரும்பவில்லை.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது வேறொரு சிக்கல் முளைத்தது. கடையம் பக்கத்துப் பிள்ளைகள் அந்த மாவட்டத்துக்கும், முக்கூடல் பக்கத்துப் பிள்ளைகள் திருநெல்வேலிக்கும் என்று பிரிந்ததால், ஒரே விளக்கின் கீழ் பழகியவர்கள் மாவட்டத் தேர்வுகளுக்குத் தனித்தனியாகப் போக வேண்டியதாயிற்று.

காவலர் தேர்வுக்குப் பயிற்சி தருபவர், அதே ஊர்

இப்போதைய நிலையைச் சொல்கிறேன். விடியற்காலையில் இந்த இடம் முழுக்கக் காவலர் தேர்வுக்கு ஓடுகிறவர்களுடையது. ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள்ளும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள்ளும் முடிக்க வேண்டும் என்பதால், குளத்துக் கரையை அளந்து கல் நட்டிருக்கிறோம். கயிறு ஏறப் பழகுவது மன்றத்து வேப்பமரத்தில். வேலைக்கான பயிற்சி வந்ததும் விளையாட்டு போய்விட்டது என்று பெரியவர்கள் சிலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கபடி ஆடியவர்கள்தான் ஓட்டத்திலும் நிற்கிறார்கள். விளையாட்டுச் சான்றிதழ் இருந்தால் தேர்வில் அதற்கும் மதிப்பெண் உண்டு.

கட்டடந்தான் கவலை. கூரைக் காரை பெயர்ந்து விழுவதால் உள்ளே யாரையும் அனுமதிப்பதில்லை. கிராமப் பஞ்சாயத்துகளுக்கு அரசு வழங்கிய விளையாட்டுக் கருவிகளைத் தேநீர்க் கடை அண்ணாச்சி வீட்டில் வைத்திருக்கிறோம். இடித்துக் கட்ட விண்ணப்பித்தபோது, இந்தப் புறம்போக்கு நிலம் தொடர்ந்து ஊர்ப் பயன்பாட்டில் இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். ஆகவே பூப்பந்துக் காலத்து நிழற்படமோ, மன்றத்தின் பழைய வரவுசெலவு நோட்டோ, பஞ்சாயத்துத் தீர்மான நகலோ ஆசிரியர் ஐயாவிடமும் மற்றவர்களிடமும் இருந்தால், அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்குள் கொடுத்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். மூலத்தைத் தர வேண்டியதில்லை; நகல் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தந்துவிடுகிறோம்.