ப்ரொபாக்ஸிஃபீனுக்குப் பதிலாக எதற்கு மாறினீர்கள்?

அம்மாவின் முதுகுவலிக்குக் கைகொடுத்து வந்த ப்ரொபாக்ஸிஃபீன் என்ற வலி மாத்திரையை 2010 நவம்பரில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கிவிட்டார்கள். பரிந்துரைத்த அளவிலேயே அது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடுமாம். மாத்திரையை விட்டால் அந்த ஆபத்தும் விலகும் என்கிறார்கள், அந்த அளவில் நிம்மதி. வலி விலகவில்லையே!

ஓபியாய்டு வகை (உடல் பழகிப்போகும், அபின் போன்ற வலி மருந்து) என்பதால் சட்டென்று விடக்கூடாதென்று, கையிருப்பை வைத்து மருத்துவர் படிப்படியாகக் குறைக்கிறார். சிறுநீரகம் பலவீனமானதால் இபுப்ரோஃபென் ஆகாது. பாரசிட்டமால் மட்டும் போதவில்லை. இன்னொரு ஓபியாய்டான டிராமடால் தரலாமா என்ற பேச்சு வந்தது. அம்மா மனச்சோர்வு மாத்திரையும் சாப்பிடுகிறார், இரண்டும் சேர்ந்தால் வலிப்பு வருமோ என்று பயம்.

இதே நிலையில் இருந்தவர்கள் எதற்கு மாறினீர்கள்? குறைக்கும்போது வியர்வையும் தூக்கமின்மையும் எத்தனை நாள் நீடித்தன? மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்றமாட்டோம். மூலிகை எண்ணெய் யோசனைகள் வேண்டாம், ஏற்கெனவே நிறைய வந்துவிட்டன.