காலையில் 12.2, பள்ளி விட்டு வந்ததும் 12.9: எந்த வோல்ட்டை நம்புவது?

சிப்புட் டீச்சர் எழுதியது:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கேன். வீட்டிலிருந்து நான் படிச்சுக் கொடுக்கிற தமிழ்ப்பள்ளி 2 கிலோமீட்டர்தான். காடி 2012 மைவி, பேட்டரி மாத்தி 14 மாசம் ஆகுது. திங்கட்கிழமை காலையில் சாவியைத் திருப்பினால் 'டக் டக்' சத்தம் மட்டும். பக்கத்து வீட்டு அண்ணன் ஜம்ப்பர் போட்டுக் கிளப்பிவிட்டார். டவுனில் ஒரு கடையில் பார்த்துட்டு, "பேட்டரி செத்துப்போச்சு, புதுசு 190 வெள்ளி"ன்னாங்க. மனசு கேட்கல. 25 வெள்ளிக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். காலையில் பசியாறுறதுக்கு முன்னாடி 12.2 வோல்ட். பள்ளி விட்டு வந்து இன்ஜினை நிறுத்தின உடனே 12.9. எதை நம்புறது? அண்ணன்கிட்ட பழைய சார்ஜர் ஒன்னு இருக்கு, அதுல போடலாமா?

கோலகங்சார் தம்பி:
டீச்சர், முதல்ல பேட்டரி முனையைப் பாருங்க. வெள்ளையா பச்சையா பூத்திருந்தா சுடுதண்ணியில் சோடா மாவு கலந்து கழுவி இறுக்குங்க. எங்க அப்பா காடிக்கு அதுதான் கோளாறு.

மில் வயர்மேன்:
டீச்சர், காலையில் பார்த்த 12.2 தான் நிஜம். ஓடி வந்த உடனே காட்டுற 12.9 மேலோட்டமான சார்ஜ், ராத்திரிக்குள்ள இறங்கிடும். ஆயில் மில்லில் 27 வருஷம் ஜெனரேட்டர் பேட்டரிகளைப் பார்த்துக்கிட்டவன் நான். சார்ஜரைக் கழட்டின கையோடு அளந்து, 'நல்லா இருக்கு'ன்னு புத்தகத்தில் எழுதி வச்சிருந்தோம். ஒரு ராத்திரி கரண்ட் போனப்ப ஜெனரேட்டர் கிளம்பல. அன்னையிலிருந்து, ஒரு ராத்திரி சும்மா இருந்த பேட்டரியைத்தான் அளப்பேன்.

12.6க்கு மேல நின்னா முழுசு. 12.4 முக்கால்வாசி, 12.2 பாதி, 12.0 கால்வாசி. உங்களுது பாதி. அதுக்காகச் செத்துப்போச்சுன்னு சொல்ல முடியாது. கிளப்பும்போது செலவான சார்ஜ் 2 கிலோமீட்டர் ஓட்டத்தில் சரியா திரும்பி வராது. அந்தக் கடை சார்ஜ் ஏத்தாமலே பார்த்திருந்தா அந்தத் தீர்ப்பை நான் ஏத்துக்க மாட்டேன்.

சார்ஜர் போடலாம், ஆனா எத்தனை ஆம்பியர்னு பாருங்க. மைவி பேட்டரி 35 ஆம்பியர்-அவர் (1 ஆம்பியர் வீதம் 35 மணி நேரம் கொடுக்கிற கொள்ளளவு), அதுக்கு 3, 4 ஆம்பியர் போதும். பழைய சார்ஜர் தானா நிக்காது, பக்கத்திலேயே இருங்க. 6, 7 மணி நேரம் ஆகும். பேட்டரியைக் காடியிலிருந்து கழட்டும்போது கறுப்பு முனை முதல்ல. கிளிப்பெல்லாம் மாட்டின பிறகு சுவிட்ச், எடுக்கும்போது சுவிட்சை அணைச்ச பிறகு கிளிப். ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். தயவுசெய்து வீட்டுக்குள்ள, சாமி விளக்கு எரியுற இடத்தில் வைக்காதீங்க. வெளியே, காத்தோட்டமா.

அப்புறம் காடியில் மாட்டாம ஒரு ராத்திரி விட்டு அளங்க. 12.6 நின்னா பேட்டரி நல்லது. மாட்டிக் கிளப்பும்போது ஒருத்தரை மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்க, 9.6க்குக் கீழ போகக்கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8லிருந்து 14.5 வரை இருந்தா, ஓட்டத்தில் பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டரும் சரி. இதெல்லாம் சரியா இருந்தும் இறங்கினா, நிறுத்தின காடியில் ஏதோ கரண்ட் குடிக்குது. டேஷ்கேம், அதான் முன்கண்ணாடி கேமரா, இருக்கா?

சிப்புட் டீச்சர்:
அண்ணே, ரொம்ப நன்றி. சார்ஜர் 4 ஆம்பியர்தான். சனிக்கிழமை பின்வாசலில் வச்சு 7 மணி நேரம் ஏத்தினேன். ஞாயிறு காலை 12.68! கிளப்பும்போது 10.4, ஓடும்போது 14.2. டேஷ்கேம் இருக்கு, போன பள்ளி விடுமுறையில்தான் போட்டோம். கறுப்பு வயரைக் கழட்டி நடுவில் மீட்டரை வச்சேன். கதவெல்லாம் சாத்தி அரை மணி நேரம் கழிச்சும் 250 மில்லி ஆம்பியர். டேஷ்கேம் ஃபியூஸை எடுத்ததும் 20.

மில் வயர்மேன்:
அதேதான். 50க்குக் கீழ இருக்கணும். வெள்ளி சாயங்காலத்திலிருந்து திங்கள் காலை வரை 60 மணி நேரம், 250 மில்லின்னா 15 ஆம்பியர்-அவர் போயிடும். பாதி பேட்டரி! சாவி போட்டால் மட்டும் கரண்ட் வர்ற ஃபியூஸுக்கு டேஷ்கேமை மாத்தச் சொல்லுங்க. வாரத்துக்கு ஒருதரம் ஈப்போ வரைக்கும் ஓட்டுங்க.

ஒன்னு கேட்க மறந்துட்டேன். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையிலிருந்து எடுத்து வோல்ட் துளைக்கு மாத்திட்டீங்களா? அப்படியே விட்டு பேட்டரியில் வச்சா ஷார்ட் ஆகி வயர் சூடேறும், கையைச் சுட்டுடும்.

சிப்புட் டீச்சர்:
மாத்தல அண்ணே. இப்பவே போய் மாத்திடுறேன்.