நடைநுழைவா, புகுபுலமா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

ம., கோவை

அனைவருக்கும் வணக்கம்.

சட்ட மாணவர்களுக்கான பாடநூலில் ஒரு இயல் என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அமெரிக்க மாநிலங்கள் தனியார் நிலத்தைப் பொதுமக்களின் வேட்டைக்குத் திறந்துவிடும் திட்டங்களை ஒப்பிடும் இயல் அது. கான்சஸில் 97 விழுக்காட்டுக்கு மேல் தனியார் நிலம். 1995 முதல் அங்கே மாநில அரசே உழவர்களிடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, எல்லையில் பலகை நட்டுவிடுகிறது. உரிமம் உள்ளவர் யாரையும் கேட்காமல் உள்ளே போகலாம். வண்டி கூடாது, நடந்துதான். 'வாக்-இன்' என்ற பெயர் அதனால் வந்தது; அதை 'நடைநுழைவு' என்று எழுதிப் பார்த்தேன்.

எல்லா மாநிலத் திட்டங்களுக்கும் சேர்த்துத் தலைப்பில் ஒரு பொதுப்பெயர் வேண்டும். 'ஆக்சஸ்' என்பதை அணுகல் ஆக்கி, "பொது வேட்டை அணுகல் திட்டம்" என்று எழுதினேன். படித்துப் பார்த்த மாணவி, "வேட்டையை எப்படி அணுகுவது என்று சொல்லித்தருகிற திட்டமா அக்கா?" என்றாள். உதவுங்கள்.

செ., தஞ்சாவூர்

மகளே, மாணவி கேட்டது சரி. அணுகுதல் என்றால் கிட்டே வருதல். வேலிக்கு வெளியே நிற்பவனும் அணுகியவன்தான். உள்ளே போவதற்குத் தமிழில் 'புகு' இருக்கிறது.

நடந்து போவதைக் காட்டவேண்டுமே என்று 'கால்நடை நுழைவு' என்று எழுதிவிடாதே. கால்நடையாகப் போனார் என்று ஒரு காலத்தில் எழுதினோம். இன்று கால்நடை என்றால் மாடுதான். அந்த நிலங்களில் மாடு மேய்வதும் உண்டு என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும்.

வேட்டை வேண்டாம், 'வேட்டம்' என்று வை. சங்கப் பாடல்களில் பரதவர் கடலில் மீன் பிடிப்பதும் வேட்டம்தான். நெப்ராஸ்காவின் திட்டத்துக்கு 'திறந்த வயல்களும் நீர்நிலைகளும்' என்ற பொருளில் பெயர். மீன்பிடிப்பும் அதில் அடக்கம். ஒரே சொல் நிலத்துக்கும் நீருக்கும் ஆகும். வேட்கை, வேட்டல், வேள்வி, வேட்டம் எல்லாம் விருப்பத்தில் பிறந்தவை என்பது என் துணிபு. இதை இன்னும் விரித்து எழுதவேண்டும்.

ப., மேட்டுப்பாளையம்

ஐயா, வனத்துறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் வேட்டை என்றாலே குற்றம். 'வேட்டைத் தடுப்புக் காவலர்' என்று பதவியே இருக்கிறது. அரசே பணம் கொடுத்து வேட்டைக்கு நிலம் எடுக்கிறது என்று படிக்கிற பிள்ளை திடுக்கிடும். 'உரிம வேட்டை' என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

இரா., விச்சிட்டா

நான் இருப்பது கான்சஸில். போன ஆண்டு மொன்டானாவுக்கும் நண்பரோடு போயிருந்தேன். அங்கே பண்ணை வாயிலில் ஒரு கம்பம், கம்பத்தில் மூடி போட்ட பெட்டி. உள்ளே சீட்டுக் கட்டும் பென்சிலும். பெயர், தேதி எழுதி, ஒரு பாதியைக் கிழித்துப் பெட்டியில் போட்டுவிட்டு மறு பாதியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். குளிரில் பென்சில் பிடிக்க விரல் வரவில்லை. மொன்டானா திட்டத்தில் சேர்ந்த நிலங்களில் அது முதல் வகை. இரண்டாம் வகையில் உரிமையாளரிடமோ அவர் சார்பில் இருப்பவரிடமோ முன்கூட்டியே கேட்டுத்தான் போகமுடியும். வேட்டைக்காரர் எத்தனை நாள் வந்தார்கள் என்ற கணக்கையொட்டி உரிமையாளருக்குப் பணம். கான்சஸிலோ பரப்பும் ஒப்பந்தக் காலமும்தான் கணக்கு.

மினசோட்டாவில் உரிமத்துக்கு மேல் 3 டாலர் கட்டவேண்டும். டெக்சஸில் 48 டாலருக்கு ஆண்டு அனுமதி. ஆகவே 'நடைநுழைவு' கான்சஸுக்குப் பொருந்தும். எல்லாவற்றுக்கும் தலைப்பாக ஆகாது.

த., ரொறன்ரோ

தங்கச்சி, எங்களுக்குக் காணி எண்டாலே நிலம்தான். 'தனியார் காணி அனுமதி' எண்டு எழுதினால் யாழ்ப்பாணத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். தயவுசெய்து 'நுழைவுரிமை' மட்டும் வேண்டாம். 2008 வேளாண் சட்டம்வழி அமெரிக்க ஒன்றிய அரசு இதுக்கு மாநிலங்களுக்குக் காசு குடுக்குது; அந்தத் திட்டத்தின் பெயரே 'தன்விருப்பம்' எண்டுதான் தொடங்குது. காணிக்காரர் ஒப்பந்தம் முடிய விலகிக்கொள்ளலாம். விலகினால் போய்விடுகிறதை உரிமை எண்டு சொல்லேலாது.

செ., தஞ்சாவூர்

உரிமை கூடாது என்பதில் தம்பியோடு உடன்படுகிறேன். அனுமதி வடசொல், 'இசைவு' இருக்கும்போது அது எதற்கு? காணி இங்கே பரம்பரை உடைமையையும் ஓர் அளவையும் குறிக்கும், குழப்பும். 'புகல் நிலம்' என்றும் நினைத்தேன். புகல் என்றால் அடைக்கலம். விலங்குக்கு அடைக்கலமா, ஆளுக்கு வாயிலா என்று தெரியாமல் போகும்.

என் முடிவு: புகுபுலம். புலம் என்றால் நிலம்; புகக்கூடிய நிலம். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. நடுவில் ஒற்று மிகாது.

ப., மேட்டுப்பாளையம்

அழகாக இருக்கிறது, ஐயா. ஆனால் மாணவருக்கு யார் விளக்குவது? திறந்த நிலம் என்றால் கேட்டவுடன் புரிகிறது.

செ., தஞ்சாவூர்

புகுமுக வகுப்பு என்று ஒரு தலைமுறையே சொல்லவில்லையா? யார் விளக்கினார்கள்? வழங்க வழங்கப் புரியும். திறந்த நிலம் என்றால் வேலி இல்லாத பொட்டல் என்றும் ஆகும்.

த., ரொறன்ரோ

ஐயா, புலம் எண்டால் புலம்பெயர்ந்த எங்களுக்கு முதலில் வருகிற நினைவு வேறு. ஒரு காணிக்குள் புக அனுமதி கேட்டு நிற்கிறதும் எங்களுக்குத் தெரியாத காரியம் இல்லை. எண்டாலும் சொல் நல்ல சொல். தடை சொல்லமாட்டன்.

இரா., விச்சிட்டா

ஒரு சிக்கல் பாக்கி. வடக்கு டகோட்டாவில் திட்டத்தில் சேர்ந்த நிலத்துக்கு மஞ்சள் நிறத் தலைகீழ் முக்கோணப் பலகை. ஆனால் 'நுழையாதே' என்று உரிமையாளர் அறிவிக்காத நிலமும் வேட்டைக்குத் திறந்ததாகத்தான் கொள்ளப்படும். 2021 முதல் அந்த அறிவிப்பை இணையவழியும் செய்யலாம். ஆக, உரிமையாளர் வாய் திறக்காவிட்டாலே உள்ளே போகலாம். அதையும் இசைவு என்பீர்களா? வெர்மாண்ட்டில் 1777 அரசமைப்பே வேலியடைக்காத பிறர் நிலத்தில் வேட்டையாட இடம் கொடுத்துவிட்டது. அங்கே அது உரிமையேதான்.

ம., கோவை

எல்லாருக்கும் நன்றி. இன்று வியாழன் இரவு, மெய்ப்பு அனுப்பிவிட்டேன். தலைப்பில் 'வேட்டைப் புகுபுலத் திட்டங்கள்'. வேட்டம் என்று போட மனம் துணியவில்லை, ஐயா பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் உரிம வேட்டை விளக்கம். கான்சஸ் பகுதியில் நடைநுழைவு. மொன்டானாவின் இரண்டாம் வகைக்கு இசைவு. வெர்மாண்ட் பத்தியில் உரிமை என்றே விட்டேன். வடக்கு டகோட்டாவுக்கு 'மறுக்காத நிலம்' என்று எழுதியிருக்கிறேன், சொல் அமையவில்லை.

செ., தஞ்சாவூர்

'மறாநிலம்'. ஈறுகெட்ட எதிர்மறை. அச்சகத்தில் திருத்த முடியுமா என்று கேள், மகளே.

த., ரொறன்ரோ

மறாநிலம் ஆருக்கும் விளங்காது, ஐயா. காணி பற்றின என்ர கருத்து அப்படியே இருக்கு.