டெக்சஸில் விற்பனைக்கு வந்த மாட்டுப் பண்ணை: பார்க்கப் போன அனுபவம்

ஆஸ்டினில் இருக்கும் மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு பண்ணை வாங்கலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறோம். மேசன், லானோ, ஜங்ஷன் பக்கம், அதாவது ஹில் கன்ட்ரி என்று சொல்லும் குன்றுகள் நிறைந்த பகுதியின் வடமேற்குப் பக்கம். அங்கே விற்பனைக்கு வரும் இடங்களின் விளம்பரம் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். இன்றும் மாடு மேய்கிற பண்ணை, மான் வேட்டைக்கு அருமையான இடம், ஆற்றங்கரை, வார இறுதியில் குடும்பத்தோடு தங்கலாம் என்று போட்டிருப்பார்கள். படத்தில் முன்னால் கொம்பு விரித்த மான் நிற்கும், பின்னால் எங்கேயோ நாலு மாடு. நேரில் போய்ப் பேசிப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது, அந்த நாலு மாட்டையும் அதை மேய்ப்பவரையும்தான் முதலில் விசாரிக்க வேண்டும். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

ஒரு பண்ணையில் புரோக்கர் வீட்டையும், மரத்தில் கட்டிய வேட்டைப் பரணையும், மக்காச்சோளம் தூவும் இயந்திரத்தையும் (விடியலிலும் அந்தி நேரத்திலும் தானாகச் சுழன்று தூவும், மான்கள் அந்த நேரத்துக்குச் சரியாக வந்து நிற்கும்) காட்டிக்கொண்டிருந்தார். அப்போது மேய்ச்சலைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் பெரியவர் தீவனம் போட வந்தார். எழுபது வயது தாண்டியவர். பிக்கப்பில் கட்டியிருந்த சைரனை ஒரு தடவை அலறவிட்டார், அவ்வளவுதான், அதுவரை ஒரு மாடுகூடக் கண்ணில் படாத ஜூனிப்பர் புதருக்குள்ளிருந்து கன்றும் தாயுமாக ஓடி வந்தன. வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே பின்னாலிருந்து தீவனக் கட்டிகளை நீளமாக ஒரு கோடு போல உதிர்த்துக்கொண்டு போனார். மாடுகள் வரிசையாகத் தலையைக் குனிந்ததும் இறங்கி, ஒவ்வொன்றாகக் கால், கண், மடி என்று பார்த்தார். அவர் மாடுகளை எண்ணி முடிக்கும்வரை யாரும் பேசவில்லை.

அவரோடு அரை மணி நேரம் நடந்ததில் தெரிந்துகொண்டது விளம்பரத்தில் எங்கேயும் இல்லை. ஒரு சப்பாத்திக்கள்ளிப் புதர் பக்கத்தில் நிறுத்தி உள்ளே பார்க்கச் சொன்னார். முள்ளுக்கு நடுவில் நல்ல உயரமாக, ஒரு பக்கமாகவே விதை தொங்கும் புல் இருந்தது. சைட்ஓட்ஸ் கிராமா, டெக்சஸின் மாநிலப் புல். வெளியே அந்தப் புல் ஒன்றுகூட இல்லை. மாட்டின் வாய் எட்டாத இடத்தில் மட்டும் நல்ல புல் மிஞ்சியிருக்கிறது என்றால், அந்த நிலத்தில் தாங்கும் அளவுக்கு மேல் மேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர் குத்தகை எடுப்பதற்கு முன்னால் இருந்தவர் செய்த வேலையாம், இவர் மாட்டைக் குறைத்து மெல்லத் தேற்றிக்கொண்டு வருகிறார்.

அப்புறம் ஓக் மரங்கள். நின்ற இடத்திலிருந்து பார்த்தால் எல்லா மரத்திலும் நெஞ்சு உயரம்வரை ஒரு இலை கிடையாது, நூல் பிடித்து வெட்டியது போல. மான் மேய்ந்த அடையாளம் அது. புரோக்கர் மான் நிறைய என்று சொன்னது பொய்யில்லை, ஆனால் அந்த நிறைவே நிலத்துக்குச் சுமையாகிவிட்டது. அந்தப் பக்கத்தில் ஒரு மாடும் கன்றும் பிழைக்க 20 ஏக்கர் வேண்டும் என்பது சாதாரணக் கணக்கு. வறட்சி வருடத்தில் அதுவும் போதாது. 600 ஏக்கர் என்று கேட்கும்போது நமக்குப் பெரிய ஜமீன் மாதிரித் தெரிகிறது, மாட்டுக் கணக்கில் 30 தாய்மாடுதான்.

நம் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பக்கத்தில் இன்னொரு ஆச்சரியம் இருக்கிறது. திரும்பி வரும் வழியில் இருட்டும் நேரம், வேலி ஓரத்தில் புள்ளிமான் கூட்டம். கிண்டியில் பார்க்கும் அதே புள்ளிமான். 1932-ல் இங்கே கொண்டுவந்து விட்டது, இன்று ஆயிரக்கணக்கில் காட்டோடு காடாகத் திரிகிறது. வெளிமானும் உண்டு. இன்னும் தெற்கே போனால் நீல்காய், அதுவும் இந்தியாவின் மான் வகைதான். மேய்ச்சலிலும் நம் சொந்தம்தான். அந்தப் பெரியவரின் காளை திமிலும் தொங்கும் காதுமாக நின்றது, பிராமன் கலப்பு. ஓங்கோல், கிர், குஜராத்தின் காங்கிரேஜ் இரத்தத்திலிருந்து இங்கே உருவாக்கிய இனம், வெயிலையும் உண்ணியையும் தாங்கும் என்பதற்காக. அங்கே பரவிக் கிடக்கும் மெஸ்கீட் மரம்கூட நம் சீமைக் கருவேலத்தின் பங்காளிதான்.

வேட்டை பற்றி எங்கள் குழுவிலேயே தயக்கம் இருந்தது, இரண்டு வீட்டில் சைவம். நான் என் கருத்தை நேராகச் சொல்கிறேன். ஓநாய் இல்லாமல் போய்விட்ட நிலத்தில் மானை யாரும் சுடாவிட்டால், அது அந்த ஓக் மரங்களையும் தின்று தீர்த்துவிட்டுத் தானும் பசியில் சாகும். வேட்டைக் குத்தகை (பணம் கட்டி அந்த நிலத்தில் வேட்டையாடும் உரிமை) எடுத்திருந்தவர்களில் ஒருவரை வேறொரு பண்ணையில் சந்தித்தோம். ஹூஸ்டனிலிருந்து பல வருடமாக வருகிறவர். சுட்ட ஒவ்வொரு பெண்மானின் எடையையும், தாடைப் பல் தேய்மானத்தை வைத்துக் கணித்த வயதையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். எந்த வருடம் மழை பொய்த்தது என்று அந்த எடையைப் பார்த்தே சொல்லலாம். பண்ணைக்கு வரும் பணத்தில் மேய்ச்சல் குத்தகையைவிட வேட்டைக் குத்தகைதான் அதிகம், அந்தப் பக்கத்தில் பல இடங்களில் அப்படித்தான்.

அதற்காக மாட்டை அனுப்பிவிட்டு மான் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். டெக்சஸில் விவசாய நிலத்துக்குச் சந்தை விலையில் அல்லாமல் விளைச்சல் மதிப்பில்தான் சொத்து வரி போடுகிறார்கள். அது மாடு மேய்வதால் கிடைக்கும் சலுகை. நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றினால் முந்தைய 3 வருட வரி வித்தியாசத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டும். மாட்டுக்குப் பதில் வனவிலங்குப் பராமரிப்பு என்று காட்டி அதே சலுகையைத் தொடர முடியும், 1995-லிருந்து சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் தண்ணீர், தீவனம், மண் அரிப்புத் தடுப்பு, கணக்கெடுப்பு போன்ற 7 வகை வேலைகளில் குறைந்தது 3 செய்து காட்ட வேண்டும். சும்மா விட்டுவைத்தால் கிடைக்காது.

ஆற்றங்கரை விஷயம் தனி. லானோ ஆறு அழகு, அதில் சந்தேகமே இல்லை, கண்ணாடி மாதிரித் தண்ணீர், அடியில் கூழாங்கல் தெரியும். ஆனால் ஆற்றுப்படுகை அரசுக்குச் சொந்தம். யார் வேண்டுமானாலும் பொதுவழியில் இறங்கிப் படகில் உங்கள் கரை ஓரமாக வரலாம், மீன் பிடிக்கலாம். தனி ஆறு என்று புரோக்கர் சொன்னால் கரை மட்டும்தான் தனி. வெள்ளத்தையும் பாருங்கள். 2018 அக்டோபரில் இதே ஆறு கிங்ஸ்லேண்டில் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. ஒரு பண்ணையில் பக்கத்து நிலத்துக்காரர் பெக்கான் மரத்தில் அண்ணாந்து பார்க்கச் சொன்னார், தலைக்கு வெகு மேலே கிளை இடுக்கில் வேலிக்கம்பியும் குப்பையும் சிக்கியிருந்தது. விருந்தினர் குடில் அதற்குக் கீழே, தாழ்வான இடத்தில் இருந்தது. அந்த இடத்தை அன்றே விட்டுவிட்டோம்.

பத்திரத்தில் பார்க்க வேண்டியதில் முக்கியமானது நிலத்தடிக் கனிம உரிமை. இங்கே மேல்நிலம் ஒருவருக்கும் அடியிலுள்ள எண்ணெய், எரிவாயு வேறொருவருக்கும் இருக்கலாம், அந்த உரிமைதான் மேல்நிலத்தைவிட வலுவானது. தேவையான அளவுக்கு உங்கள் நிலத்தில் பாதை போட்டு வேலை செய்ய அவர்களால் முடியும். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: விவசாய நிலம் வாங்கினால் 90 நாளுக்குள் அமெரிக்க வேளாண் துறைக்கு அறிக்கை தர வேண்டும், 1978-லிருந்து இருக்கும் சட்டம். தவறினால் அபராதம் நிலமதிப்பில் 25 சதவீதம் வரை போகலாம். கிரீன் கார்டு இருந்தால் இது பொருந்தாது.

அந்தப் பெரியவரிடம் இரண்டாவது தடவை பேசியபோது ஸ்க்ரூவோர்ம் ஈ பற்றிச் சொன்னார். புதிதாகப் பிறந்த கன்றின் தொப்புள் புண்ணில் முட்டையிடும், புழு உயிரோடு சதையைத் தின்னும், மான்குட்டிக்கும் அதே கதிதான். அவர் சிறுவனாக இருந்தபோது தினமும் குதிரையில் போய்க் கன்றுகளின் தொப்புளைப் பார்ப்பதே வேலையாம். ஈக்களைக் கதிர்வீச்சால் மலடாக்கி விமானத்திலிருந்து கொட்டிக் கொட்டித்தான் இதை அமெரிக்காவிலிருந்து ஒழித்தார்கள். இப்போது மெக்சிகோ வழியாக மறுபடி வடக்கே ஏறி, 2025-ல் அங்கிருந்து உயிர் மாடு வருவதையே நிறுத்த வேண்டியதாயிற்று. மானைப் பிடித்து யாரும் தொப்புள் பார்க்க முடியாது, மாட்டைத்தான் பார்க்க முடியும், அதனால் பண்ணையில் தினமும் ஓர் ஆள் வந்து போக வேண்டும் என்றார். வார இறுதிக்கு மட்டும் வரப்போகும் எங்களுக்கு அதைவிடத் தெளிவாக யாரும் நிலைமையைச் சொல்லவில்லை.

அவர் மேய்க்கும் அந்தப் பண்ணைக்குத்தான் விலை பேசியிருக்கிறோம். நாங்கள் வைத்த நிபந்தனை, கனிம உரிமையில் விற்பவர் வைத்திருக்கும் பங்கு எங்களுக்கு வர வேண்டும். பெரியவரின் மேய்ச்சல் குத்தகையை இன்னும் 5 வருடத்துக்கு நாங்களே எழுதிக் கொடுக்கிறோம், மாட்டு எண்ணிக்கையை ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் புல்லைப் பார்த்து அவரே முடிவு செய்வார். ஹூஸ்டன்காரரைப் போல நோட்டு வைத்திருக்கும் வேட்டைக் குழு ஒன்றையும் தேடிக்கொண்டிருக்கிறோம், முதல் இரண்டு வருடம் கொம்புள்ள மானை விட்டுவிட்டுப் பெண்மானைக் குறைக்கச் சம்மதிப்பவர்களாக இருக்க வேண்டும்.