விபத்துக்குப் பிறகு மூன்று வயது மகன் காரில் ஏற மறுக்கிறான்

கேள்வி: திருச்சி அம்மா

இம்மாதத் தொடக்கத்தில் சென்னையிலிருந்து ஊர் திரும்பும்போது, உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டியதும் பின்னால் வந்த லாரி இடித்து, எங்கள் கார் சாலை நடுத்தடுப்பில் மோதி நின்றது. முன்பக்கக் காற்றுப்பைகள் விரிந்தன. கணவருக்கு மணிக்கட்டு முறிந்தது. பின்னால் குழந்தை இருக்கையில் இருந்த மகனுக்குத் தோள்களில் பட்டை அழுந்திய சிவந்த தடம் மட்டுமே. 108 ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். ஓர் இரவு கண்காணிப்பில் வைத்து, பயமில்லை என்று அனுப்பினார்கள். மூவரும் உயிரோடு வீடு திரும்பியது கடவுள் புண்ணியம்.

ஆனால் அவன் இப்போது நாள் முழுவதும் பொம்மை லாரியைக் காரின் மேல் மோதவிட்டு, "டமார், அப்பா கை போச்சு" என்கிறான். இரவில் அலறி எழுகிறான். நின்றிருந்த படுக்கை நனைக்கும் பழக்கமும் திரும்பிவிட்டது. பயந்த கோளாறு என்று மாமியார் கோயிலில் வேப்பிலை அடித்து விபூதி பூசி அழைத்து வந்தார். இந்த விளையாட்டை நிறுத்த வேண்டுமா? குழந்தை இருக்கையில் விரிசல் எதுவும் தெரியவில்லை. பழுது பார்த்து வரும் காரில் அதையே மாட்டலாமா?

பதில்: குழந்தைகள் பிரிவுச் செவிலியர், மதுரை

சகோதரி, விளையாட்டைத் தடுக்காதீர்கள். பட்டதைச் சொல்லால் சொல்லத் தெரியாத வயதில் குழந்தை கையால்தான் சொல்லும். பக்கத்தில் உட்கார்ந்து, கதையின் மிச்சத்தை நீங்கள் சேருங்கள்: ஆம்புலன்ஸ் வந்தது, டாக்டர் அப்பாவின் கைக்குக் கட்டுப் போட்டார், எல்லோரும் வீட்டுக்கு வந்தோம். "ஒன்றுமே நடக்கவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவன் கண்ணால் பார்த்தவன். கோயிலுக்கு அழைத்துச் சென்றதிலும் தவறில்லை. பாட்டி விபூதி பூசிய பிறகு கண்ணயர்ந்த குழந்தைகளை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். அலறலும் படுக்கை நனைத்தலும் பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். ஒரு மாதம் கடந்தும் குறையாமலிருந்தாலோ, ஆட்டம் "டமார்" என்ற இடத்திலேயே நின்று முகம் இறுகிப்போனாலோ, குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கும் ஒன்று. ஏழெட்டு வயதுக் குழந்தைக்குப் பெரியவர்களின் பட்டையைப் போட்டால் இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் ஏறிவிடும். மோதலுக்குப் பின் வயிற்றின் குறுக்கே கன்றிய கோடு தெரிந்தால், குழந்தை ஓடியாடினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குடலில் ஏற்பட்ட காயம் ஒரு நாள் கழித்துக்கூட வலியாகவும் வாந்தியாகவும் வெளிப்படலாம்.

பதில்: கோவை வாசகர்

அந்த இருக்கையைத் தயவுசெய்து மாட்டாதீர்கள். மேலுறையைக் கழற்றினால் தெர்மாகோல் போன்ற நுரைப்பொருள் தெரியும். மோதலின் வேகத்தை அது நசுங்கித்தான் வாங்கிக்கொள்கிறது, ஒருமுறை நசுங்கியது மீண்டும் நிமிராது. அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்புத் துறை, கார் ஓட்டிச் செல்லும் நிலையில் இருந்து, இருக்கைக்கு அருகிலுள்ள கதவு சேதமடையாமல், யாருக்கும் காயமின்றி, காற்றுப்பை விரியாமல், இருக்கையிலும் பழுது தெரியாமல் இருந்தால் மட்டுமே அதை, இருக்கையை மாற்ற அவசியமில்லாத சிறு மோதல் என்கிறது. உங்கள் விபத்தில் காற்றுப்பையும் விரிந்தது, கணவருக்குக் காயமும் ஏற்பட்டது. தெரிந்தவர்களுக்கும் கொடுத்துவிடாதீர்கள், பட்டைகளை வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பட்டையோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றிச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் உண்டு. அபராதம் கிடக்கட்டும், உங்கள் மகனைக் காப்பாற்றியதே அந்த இருக்கைதான்.

திருச்சி அம்மா

இருவருக்கும் மிக்க நன்றி. புதிய இருக்கை வாங்கிவிடுகிறோம். ஆனால் அதில் உட்கார மறுத்து அழுதால் வற்புறுத்தலாமா?

பதில்: தஞ்சாவூர்த் தாத்தா

வற்புறுத்த வேண்டாம், அம்மா. அவசரமில்லாத நாட்களில், நிறுத்திய காரின் கதவுகளைத் திறந்து வைத்து, புதிய இருக்கையில் அவன் கரடி பொம்மைக்கு அவனையே பட்டை போடச் சொல்லுங்கள். பிறகு அவன் உட்காரட்டும். வண்டி நகர வேண்டியதில்லை. அடுத்துத் தெருமுனைக் கடை வரை போய் வாருங்கள். வண்டி ஓடும்போது மட்டும், எவ்வளவு அழுதாலும் பட்டையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது. அழுகை நிற்காவிட்டால் ஓரமாக நிறுத்திச் சமாதானப்படுத்துங்கள். நீங்களும் அதே காரில் இருந்தவர் என்பதை மறந்துவிடாதீர்கள். லாரி ஒலிப்பான் கேட்டதும் உங்கள் நெஞ்சு படபடத்தால் அவனுக்கு அது உடனே தெரிந்துவிடும். முதல் சில பயணங்களில் உங்கள் தங்கையோ தம்பியோ பின்னால் அவனருகில் உட்காரட்டும்.